தவளைக்கு மருந்து எவ்வளவு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கங்கைக் கரையில் வாழும் நாம் ஆண்டுக்கொரு முறை கூடி நம் மொழியைக் காதாரக் கேட்டு மகிழும் நாள் இது. கம்பனையும் இளங்கோவையும் பற்றி உரையாற்றத் தக்க புலவர் பெருமக்கள் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். அவர்கள் நடுவே, காலமெல்லாம் கால்நடைகளோடு பழகிய நான் பேச எழுந்தது துணிவே ஆகும். ஆயினும் நம் செயலாளர் அவர்கள், "இவ்வாண்டு அறிவியல் பொருள் ஒன்றைத் தமிழிலேயே கூறவேண்டும்; உங்கள் மனத்தில் நெடுநாள் தங்கிய பொருளாக அது இருக்கட்டும்" என்று பணித்தார்கள். என் மனத்தில் நெடுநாள் தங்கிய பொருள் தவளை. தவளைக்கு நோய் வந்தால் மருந்தை எந்த அளவில் கொடுப்பது, அவ்வளவை அறிய எக்ஸ்-கதிர், சி.டி. ஸ்கேன் முதலிய படக்கருவிகள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதைப் பற்றிச் சில சொல்ல வந்துள்ளேன். உயிர் சிறிதாயினும் பொருள் சிறிதன்று என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே கூறுவீர்கள் என நம்புகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் படிப்பை முடித்து வெளிவந்த புதிதில், ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் வைத்திருந்த தவளைகளுக்கு நோய் கண்டது. கல்லூரியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. மாணவர்கள் அறுத்துப் பார்ப்பதற்கென்று வயல்வெளிகளிலிருந்து பிடித்து வந்த தவளைகள் அவை. அவற்றின் அடிவயிறும் தொடையின் உட்புறமும் செக்கச் சிவந்து போயிருந்தன. செங்கால் நோய் என்று அதனைக் கூறுவர். 'தேர்வு முடியும் வரையில் இவற்றை எப்படியாவது பிழைக்க வையுங்கள்' என்று என்னைக் கேட்டுக்கொண்டனர். அறுப்பதற்காக வளர்ப்பதும், அறுக்கும் நாள்வரை காப்பதும் எத்தகைய முரண் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு தொட்டி நீரில் மருந்தைக் கரைத்தேன். உள்ளங்கையை நிறைக்கும் பெருந்தவளைகளையும் கட்டைவிரல் அளவே இருந்த சிறு தவளைகளையும் ஒன்றாக அதில் விட்டேன். குறித்த நேரம் சென்றபின் எல்லாவற்றையும் எடுத்து நல்ல நீரில் விட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் சென்று பார்த்தபோது பெருந்தவளைகள் உயிரோடிருந்தன. சிறியவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தொட்டியைக் கழுவ வந்த வங்காளத்து முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "டாக்டர் பாபு, பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே அளவா?" என்று கேட்டார். அவர் குறை கூறவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஒரே நீர், ஒரே மருந்து, ஒரே நேரம். பின் ஏன் சிறியவை மட்டும் மாண்டன? அன்று அம்முதியவருக்குக் கூற முடியாத விடையை இன்று உங்கள் முன் கூற முயல்கிறேன்.

'தவளைக்கு மருந்து கொடுக்காவிட்டால் என்ன கெட்டுவிடும்?' என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவுக்கு முதலில் விடை கூற வேண்டும். தவளை, தேரை, நீர்ப்பல்லி முதலான நீர்நில வாழ்வன உலகில் எண்ணாயிரம் இனங்களுக்கு மேல் உள்ளன. இவற்றுள் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் நிலையில் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. காடழிவும் வெப்பமாற்றமும் இதற்குக் காரணங்கள். இவற்றோடு ஒரு நோயும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவிலும் நடு அமெரிக்காவிலும் மழைக்காடுகளின் ஓடைக்கரைகளில் தவளைகள் குவியல் குவியலாக இறந்து கிடந்தன. தவளையின் தோலில் வாழும் கைட்ரிட் என்னும் நுண்பூஞ்சையே இதற்குக் காரணம் என்று 1998இல் தெரியவந்தது. வாஷிங்டன் நகரத்துத் தேசிய விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு நீலநிறத் தவளையின் தோலிலிருந்து அப்பூஞ்சையைப் பிரித்தெடுத்து, 1999இல் லாங்கோர், பெசியர், நிக்கல்ஸ் என்னும் மூவர் அதற்குப் பெயரிட்டனர். இப்பூஞ்சையால் குறைந்தது 501 இனங்கள் நலிந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அடியோடு மறைந்தன எனக் கருதப்படுகின்றன என்றும் 2019இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். பனாமா நாட்டு மக்கள் நற்பேற்றின் சின்னமாகப் போற்றும் பொன்தவளையைக் காட்டில் கடைசியாகக் கண்டது 2009இல். அவ்வினத்தைக் காப்பகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்த்துக் காத்து வந்துள்ளனர். ஓரினத்தில் எஞ்சியிருப்பவை சில நூறு உயிர்களே என்றால், அவற்றுள் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு தவறுவது சிறு பிழை ஆகாது.

நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. மனிதருக்குப் படைநோய்களில் கொடுக்கும் இட்ராகோனசோல் என்னும் மருந்து இப்பூஞ்சையையும் கொல்லும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற கணக்கில் கரைத்த மருந்துநீரில் தவளையை நாள்தோறும் ஐந்து நிமிடம் வைத்து, இதனைப் பத்துப் பதினொரு நாள் தொடர்ந்து செய்வது பழைய முறை. ஆனால் இவ்வளவைச் சில இனங்களும் இளந்தவளைகளும் தாங்கவில்லை. நான்கில் ஒரு பங்கு மருந்திலேயே சில இனங்கள் குணமடைந்ததும் பின்னர்த் தெரிந்தது. ஸ்பெயின் நாட்டின் மயோர்க்காத் தீவில் வாழும் ஒருவகைத் தேரையின் தலைப்பிரட்டைகளை இம்மருந்தில் நனைத்தபோது பூஞ்சை நீங்கியது. ஆனால் அவற்றின் உடல்நிறம் வெளிறிப் போயிற்று. ஆக, மருந்து எது என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பதுதான் இன்னும் முற்றத் தெரியவில்லை.

இவ்விடத்தில் வள்ளுவரை நினையாமல் இருக்க முடியவில்லை. 'மருந்து' என்னும் அதிகாரத்தில், 949ஆம் குறளில், மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று என்கிறார். நோயுற்றவனின் அளவு ஒன்று, நோயின் அளவு மற்றொன்று, காலம் மூன்றாவது. மருந்தளவை நூலின் வரியைப் பார்த்துச் சொல்லாதே, இம்மூன்றையும் பார்த்துச் சொல் என்பது இதன் கருத்து. தவளை மருத்துவத்தில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதும் இம்மூன்றைத்தான். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நோயுற்றவனின் அளவு என்றால் நாம் உடனே தராசைத் தேடுகிறோம். கிலோ ஒன்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இக்கணக்கு ஓரளவு பொருந்தும். எடையை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1962 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்துக் காட்சிசாலையில் டஸ்கோ என்னும் யானைக்கு எல்.எஸ்.டி. என்னும் மயக்கப்பொருளை ஆய்வுக்காகச் செலுத்தினர். பூனை தாங்கும் அளவை எடைக்கு எடை பெருக்கிப் பார்த்து 297 மில்லிகிராம் கொடுத்தனர். இரண்டு மணி நேரத்துக்குள் யானை இறந்தது. பின்னர்க் கொடுத்த மாற்று மருந்துகளுக்கும் அதில் பங்கு உண்டா என்ற வாதம் இருக்கிறது. ஆயினும் பூனையைப் பெருக்கினால் யானை வாராது என்ற பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.

தவளையிடத்தில் தராசு இன்னும் பெரிய பொய் சொல்லும். 'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் பழமொழி. மருத்துவன் கண்ணுக்கோ அது தன் தோலால் வாழ்கிறது. தன் தோலாலேயே கெடுகிறது. தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பகுதியும் தோலின் வழியாகவே நடைபெறுகிறது. உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதும் தோலே. கைட்ரிட் பூஞ்சை தோலைத் தாக்கும்போது குருதியில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடுகிறது என்பதை 2009இல் ஆஸ்திரேலியாவின் பச்சைமரத் தவளைகளில் கண்டறிந்தனர். இத்தகைய உயிரை மருந்துநீரில் வைத்தால், உள்ளே செல்லும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது எடையன்று. நீரைத் தொடும் தோலின் பரப்பே.

இனி ஒரு சிறு கணக்கு. அஞ்ச வேண்டா, பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குத்தான். உடல் பெரிதாகும்போது எடை விரைந்து பெருகும். மேற்பரப்பு அவ்வளவு விரைந்து பெருகாது. நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு ஆகும். எடையோ எட்டு மடங்கு ஆகும். 1957இல் இந்நகரத்துக்கு வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய பேரறிஞர் ஹால்டேன், உயிர்களின் உருவளவு பற்றி 1926இல் எழுதிய கட்டுரையில் இவ்வுண்மையையே அழகாக விளக்கினார். எட்டுக் கிராம் எடையுள்ள ஒரு தவளையின் தோல் நாற்பது சதுர சென்டிமீட்டர் என்று கணக்கின் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். அதே வடிவமுடைய அறுபத்துநான்கு கிராம் தவளையின் தோல் நூற்றறுபது சதுர சென்டிமீட்டர் இருக்கும். எடை எட்டு மடங்கு; தோல் நான்கே மடங்கு. அப்படியானால் ஒரு கிராம் உடலுக்குச் சிறியதற்கு ஐந்து சதுர சென்டிமீட்டர் தோல், பெரியதற்கு இரண்டரைதான். இரண்டையும் ஒரே தொட்டியில் ஒரே நேரம் வைத்தால், சிறியது தன் உடலுக்கு இரு மடங்கு மருந்தைக் குடித்துவிடும். அம்முதியவர் கேட்ட வினாவுக்கு இதுதான் விடை. நான் ஒரே அளவு கொடுத்ததாக எண்ணினேன். உண்மையில் சிறியவற்றுக்கு மிகுதியாகக் கொடுத்திருக்கிறேன்.

மனித மருத்துவத்தில் இக்கருத்து புதிதன்று. டூபாய் என்னும் குடும்பப் பெயர் கொண்ட இருவர், ஒன்பது பேரின் உடற்பரப்பை அளந்து, உயரத்தையும் எடையையும் கொண்டு பரப்பைக் கணிக்கும் வாய்பாடு ஒன்றை 1916இல் வகுத்தனர். புற்றுநோய் மருந்துகளை இன்றும் பெரும்பாலும் சதுர மீட்டர் கணக்கில்தான் கொடுக்கின்றனர். நம் வீடுகளில் யாரேனும் அச்சிகிச்சை பெற்றிருந்தால், மருந்துக்கு முன் உயரத்தையும் எடையையும் கேட்டுக் குறித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

தவளையின் தோலை அளப்பது எப்படி? முற்காலத்தில் தவளையைக் கொன்று தோலை உரித்து, தாளின்மேல் விரித்து, சுற்றிக் கோடு கிழித்து அளந்தனர். யாருக்கு மருந்து வேண்டுமோ அவ்வுயிரையே கொன்று அளப்பதால் நோயாளிக்கு என்ன பயன்? இங்கேதான் படக்கருவிகள் வருகின்றன. ரான்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்-கதிரைக் கண்டார். மறு ஆண்டிலேயே வியன்னா நகரில் ஏடர், வலென்டா என்னும் இருவர் அக்கதிரால் எடுத்து வெளியிட்ட அழகிய படத்தொகுப்பில் தவளைகளின் எலும்புக்கூடும் இடம்பெற்றது. 1971இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. எக்ஸ்-கதிர் உடலை நிழலாகக் காட்டும். சி.டி. கருவியோ உடலை மெல்லிய வில்லைகளாகப் பகுத்துக் காட்டும். வெண்டைக்காயை வட்டம் வட்டமாக நறுக்குவது போன்றது அது. ஆனால் இங்குக் கத்தி இல்லை, காயும் முழுதாகவே இருக்கும்.

தவளையை ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியில் இட்டுக் கருவிக்குள் செலுத்தினால் சில நொடிகளில் படம் முடிந்துவிடும். ஒரு வில்லையின் சுற்றளவு 80 மில்லிமீட்டர், தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், அவ்வில்லையைச் சுற்றிய தோல் ஏறத்தாழ 40 சதுர மில்லிமீட்டர். மூக்கு முனை முதல் கால்விரல் நுனி வரை எல்லா வில்லைகளையும் இவ்வாறு கூட்டினால் தோலின் பரப்பு கிடைக்கும். கணிப்பொறி இதனை இன்னும் நுட்பமாக, உடலின்மேல் சிறுசிறு முக்கோணங்களால் வலை பின்னிக் கணக்கிடுகிறது. அதே படத்திலிருந்து உடலின் கன அளவும் கிடைக்கிறது. தவளை மீண்டும் தன் தொட்டிக்குச் சென்று பூச்சியைப் பிடித்துத் தின்னும்.

ஒவ்வோர் இனத்தையும் இவ்வாறு பார்ப்பது ஏன் வேண்டும்? எல்லாத் தவளைகளும் ஒரே வார்ப்பில் செய்தவை அல்ல. பிரேசில் நாட்டுத் தவளை ஒன்றில் வளர்ந்த ஆண்களிற் சில ஏழு மில்லிமீட்டர் நீளத்தையும் எட்டுவதில்லை. ஆப்பிரிக்காவின் கோலியாத் தவளையோ மூன்று கிலோவுக்கு மேலும் வளரும். பெரு, பொலிவியா நாடுகளுக்கு இடையே உள்ள டிட்டிகாக்கா ஏரித் தவளைக்குத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். தாத்தாவின் சட்டையைப் பேரன் அணிந்தாற்போல் இருக்கும். உயர்ந்த மலையேரியின் நீரில் தோலாலேயே மூச்சுவிட அமைந்த மடிப்புகள் அவை. வழவழப்பான தவளைக்கு வகுத்த வாய்பாட்டை அதற்குப் பயன்படுத்தினால் தோலின் பரப்பைக் குறைவாகவே மதிப்பிடுவோம், மருந்து மிகுந்துவிடும். போர்னியோத் தீவின் தவளை ஒன்றுக்கு நுரையீரலே இல்லை என்று 2008இல் அறிவித்தனர். அதே இனத்தை நுண் சி.டி. கருவியால் பார்த்து, நுரையீரல் உண்டு என்று 2024இல் திருத்தினர். கத்திக்குத் தப்பிய சிறு உறுப்பு படத்துக்குத் தப்பவில்லை.

நோயாளியின் அளவில் இன்னொரு மறைபொருளும் உண்டு. தவளை தன் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைக்கும். வறண்ட நிலத்துத் தேரைகள் சிலவற்றில் இந்நீர் உடலெடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேலும் இருக்கும். கையில் பிடித்தவுடன் அது நீரைப் பீய்ச்சிவிடுவதைச் சிறுவயதில் வயல் வரப்புகளில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தராசில் வைத்தபோது இருந்த எடை, ஊசியை எடுக்கும்போது இல்லை! முட்டைப் பருவத்துப் பெண்தவளையின் எடையில் முட்டைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. இங்கு அல்ட்ராசவுண்ட் கருவி நல்ல துணை. தவளையை ஆழமில்லாத நீரில் வைத்தால் அந்நீரே ஒலியைக் கடத்தும். நீர்ப்பை நிறைந்திருக்கிறதா, முட்டை முதிர்ந்திருக்கிறதா என்பதைத் தவளையை வருத்தாமல் திரையில் காணலாம். நீரையும் முட்டையையும் கழித்து எஞ்சிய உடலுக்கு மருந்தைக் கணக்கிடலாம்.

இரண்டாவதாக, நோயின் அளவு. காப்பகங்களில் வளரும் தவளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தும் டி வைட்டமினும் குறைந்தால் எலும்பு மெலிந்து வளையும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் நல்ல எலும்பு வெண்மையாகத் தெரியும். மெலிந்த எலும்பு மங்கி நிழல்போல் தெரியும். மங்கலின் அளவைக் கண்டு மருந்தைத் தொடங்குகிறோம். சில வாரங்கள் கழித்து மீண்டும் படமெடுத்து, தொடர்வதா குறைப்பதா என முடிவுசெய்கிறோம். டி வைட்டமின் மிகுந்துவிட்டாலோ எலும்பில் சேர வேண்டிய சுண்ணாம்பு சிறுநீரகத்திலும் குருதிக்குழாயிலும் படியும். அதனையும் படம் காட்டிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்று பாட்டி கூறியதை இங்குக் கண்ணாலேயே காண்கிறோம்.

மூன்றாவது, காலம். மருந்து உள்ளே சென்றபின் எங்கே செல்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே காலக் கணக்கு. தவளையின் குருதியோட்டம் நம்முடையதைப் போன்றதன்று. பின்னங்கால்களிலிருந்து திரும்பும் குருதி நேரே இதயத்துக்குச் செல்லாமல், ஒரு பகுதி சிறுநீரகத்தின் வழியாகவும் மற்றொரு பகுதி வயிற்றுச் சிரையின் மூலம் ஈரலின் வழியாகவும் செல்கிறது. ஆகவே பின்னங்காலில் ஊசி போட்டால், மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகமோ ஈரலோ அதனைக் கழித்துவிடக்கூடும். சிறுநீரகத்துக்குத் தீங்கான மருந்தாயின் அவ்வுறுப்பையே வருத்தக்கூடும். இதனால் முன்பாகத்தில் ஊசி போடுவதே நல்லது என்று எங்களுக்குக் கற்பிப்பர். உயிருள்ள தவளையில் குருதி எவ்வழியே எவ்வளவு செல்கிறது என்பதை அறிய வேண்டுமானால், எக்ஸ்-கதிரை மறிக்கும் அயோடின் கலந்த நீர்மத்தைச் செலுத்தி, அடுத்தடுத்துப் படமெடுக்க வேண்டும். முதல் நொடியில் எந்த உறுப்பு வெளுக்கிறது, எந்த நாழிகையில் அது மங்குகிறது என்று பார்த்தால், மருந்தின் வழியையும் வேகத்தையும் ஊகிக்கலாம். மேலும், தவளை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் உயிரன்று. சூழலின் குளிரும் வெப்பமுமே அதன் குளிரும் வெப்பமும். மார்கழிக் குளிரில் உடலின் வேலை மந்தமாகும். மருந்தும் மெல்லவே வெளியேறும். சித்திரையில் நாள்தோறும் கொடுக்கும் மருந்தை மார்கழியில் நாள் இடைவிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

இவ்வளவும் கேட்டபின், படக்கருவி வந்துவிட்டது, இனிக் குறையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சி.டி. கருவி தோலின் மிக நுண்ணிய சுருக்கங்கள் எல்லாவற்றையும் காட்டிவிடாது. தோல் முழுதும் ஒரே வேகத்தில் உறிஞ்சுவதுமில்லை; அடிவயிற்றுத் தோல் மிகுதியாக உறிஞ்சும், முதுகுத் தோல் குறைவாக உறிஞ்சும். தவளை கால்களை மடக்கி வயிற்றைத் தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் ஒரு பரப்பு. நீந்தினால் வேறொரு பரப்பு. ஆகவே பரப்பு தெரிந்தவுடன் மருந்தளவு தானே தெரிந்துவிடும் என்று நான் கூறவில்லை. குருதியில் மருந்து எவ்வளவு உள்ளது என்று சோதித்தும் பார்க்க வேண்டும். இருட்டில் கல்லெறிவதற்கும் விளக்கேற்றிவிட்டு எறிவதற்கும் உள்ள வேறுபாட்டையே படம் தருகிறது.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். பல இலட்சம் பெறும் கருவியில் ஒவ்வொரு தவளையையும் படமெடுக்க வேண்டுமோ? வேண்டா. ஓர் இனத்தில் சிறியதும் பெரியதுமாகச் சிலவற்றைப் படமெடுத்து, எடைக்கும் தோலுக்கும் உள்ள உறவை ஒருமுறை வகுத்துவிட்டால் போதும். அதன்பின் காட்டுக்குள் செல்பவன் கையில் சிறு தராசும் ஒரு பட்டியலும் இருந்தால் வேலை நடக்கும். சிலவற்றை நுட்பமாகப் பார்ப்பது பலவற்றை எளிதாகக் காப்பதற்கே.

காக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. மயோர்க்காத் தேரையை முன்னே கூறினேன் அல்லவா? 1977இல் தொல்லெலும்பைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். பின்னரே உயிரோடு கண்டனர். அத்தகைய அரிய தேரையின் குளங்களில் கைட்ரிட் பூஞ்சை புகுந்தது. அறிஞர்கள் தலைப்பிரட்டைகளை எல்லாம் அள்ளிவந்து மருந்துநீரில் நனைத்துத் திரும்ப விட்டனர். நோய் மீண்டும் வந்தது. பின்னர்க் குளங்களையும் வற்றச் செய்து கிருமிநீக்கம் செய்தனர், நோய் நீங்கியது. 2015இல் இச்செய்தி வெளிவந்தபோது, காட்டில் வாழும் தவளையினத்தை இப்பூஞ்சையிலிருந்து மீட்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் நானூறுக்கு மேற்பட்ட நீர்நில வாழ்வன உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கும் ஊதாத் தவளை 2003இல்தான் அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று. அம்மலைத் தவளைகளிலும் கைட்ரிட் பூஞ்சை இருப்பது 2011இல் தெரியவந்தது. நோய் பெருகிய பின் மருந்தளவைத் தேடுவது, வீடு பற்றியபின் கிணறு வெட்டுவது போலாகும். நம் தவளையினங்களின் எடை, தோற்பரப்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றை இப்போதே படமெடுத்துப் பட்டியலிட வேண்டும். அமெரிக்காவில் பதினெட்டு நிறுவனங்கள் கூடி, அருங்காட்சியகக் குப்பிகளில் இருந்த பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதுகெலும்பு உயிர்களை அறுக்காமலே சி.டி. கருவியால் படமெடுத்து யாவரும் காண வெளியிட்டன. நம் நகரில் தலைமையகம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை 1916 முதல் உயிரினங்களைத் தொகுத்து வருகிறது. குப்பியில் இருக்கும் உயிர் சுருங்கியிருக்கும். அதன் தோற்பரப்பு உயிருள்ளதற்கு ஒப்பாகாது. ஆயினும் உள்ளுறுப்புகளின் அமைப்பை அறிய அக்குப்பிகள் பெருஞ்செல்வமே. இவ்வவையில் படத்துறை மருத்துவர்களும் கணிப்பொறி வல்ல இளைஞர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலுக்கும் தவளைக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டா. இவ்வேலைக்குக் கால்நடை மருத்துவன் மட்டும் போதான்.

இறுதியாக ஒன்று. தவளைக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று. குருதி நுண்குழாய்களை மால்பிகி 1661இல் தவளையின் நுரையீரலில் கண்டார். நரம்புச் செய்தியை வேதிப்பொருள் கடத்துகிறது என்பதை ஆட்டோ லோவி 1921இல் தவளை இதயத்தைக் கொண்டு நிறுவினார். இதயநோய்க்குக் கொடுக்கும் டிஜிடாலிஸ் மருந்தின் வீரியத்தைக் கணிக்க ஒரு காலத்தில் தவளைகளையே பயன்படுத்தினர். 'தவளை அலகு' என்று ஓர் அளவே வழங்கியது. நம் மருந்தின் அளவைத் தவளையின் உயிரால் அளந்தோம். தவளையின் மருந்தை அளக்கும் நேரம் வந்தபோது, ஒரு தொட்டி நீரில் ஒரு பிடி மருந்தைப் போட்டால் போதும் என்று இருந்துவிட்டோம். நானும் அவ்வாறே செய்தேன்.

அம்முதியவர் இன்று இல்லை. இருந்திருந்தால் அவர் கையைப் பற்றி, "இல்லை ஐயா, பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே அளவு இல்லை, அளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்" என்று கூறியிருப்பேன். அவரிடம் கூற இயலாததை உங்களிடம் கூறிவிட்டேன். இவ்வாண்டு ஆடி மழையில் உங்கள் வீட்டு வாயிலில் தவளை கத்தினால், அதனைத் துடைப்பத்தால் தள்ளுமுன் ஒரு கணம் நின்று பாருங்கள். அதுவே என் உரைக்கு நீங்கள் தரும் பரிசு.